குளக்கரையில் ஓர் இரவு
கெண்டை பிடிக்கச் செல்வோர்க்குச் செலவில் அடங்கிய கூடாரம்

உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் நாள் முழுவதும் மூட்டையிறக்கியும், கணக்கெழுதியும், தராசு பிடித்தும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், விடுமுறை நாளைத் தூண்டிலோடு கழிக்க விரும்புவோர் பலர் உளர். இதில் வியப்பொன்றும் இல்லை. கொடியிலே கயலைப் பொறித்த பாண்டியரின் நாட்டிலிருந்தும், குளங்கள் நிறைந்த நாஞ்சில் நாட்டிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தவர்கள் நாம். ஊரை விட்டு வந்தாலும் ஊர்க்குளத்தை மறப்பது எளிதன்று.

பகலில் இரண்டு மணி நேரம் தூண்டில் போட்டுத் திரும்புவதற்கு ஒரு குடை போதும். ஆனால் பெரிய கெண்டை, மனிதனின் வசதிக்கேற்ப வரும் உயிரன்று. அந்தி சாயும் வேளையிலும், நள்ளிரவிலும், விடியற்காலையிலுமே அது அச்சமின்றிக் கரையோரம் இரை தேடி வருகிறது. எனவே அதனை நாடுவோர் கரையிலேயே ஓர் இரவு தங்க நேர்கிறது. தங்குவதென்றால் தலைக்கு மேல் ஒரு மறைப்பு வேண்டும். அம்மறைப்பு எத்தகையதாக இருத்தல் வேண்டும், அதற்கு எவ்வளவு செலவிடலாம், எதில் சிக்கனம் தகும், எதில் தகாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வீட்டுச் செலவுக்கென வைத்த பணத்தில் ஒரு பகுதி இதற்குச் செல்கிறது. உடன் வரும் பிள்ளையின் உடல்நலமும் இதைப் பொறுத்திருக்கிறது. ஆதலின் இதனை விளையாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

ஆங்கிலேயரின் 'பிவ்வி'

கெண்டை பிடிப்பதை ஒரு பெருங்கலையாகவே வளர்த்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1952-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள், ஹெரிபோர்டுஷயரில் ரெட்மயர் என்னும் சிறு குளத்தில் ரிச்சர்டு வாக்கர் என்பவர் 44 பவுண்டு எடையுள்ள கெண்டை ஒன்றைப் பிடித்தார். நம் கணக்கில் அது ஏறத்தாழ 20 கிலோ. அம்மீனை அவர் உண்ணவில்லை. இலண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு உயிரோடு அனுப்பினார். மீன் கடித்தவுடன் ஒலியெழுப்பும் மின்கருவியை உருவாக்கியவரும் அவரே. அக்கருவி வந்தபின் இரவு முழுவதும் தூண்டிலை உற்று நோக்கிக்கொண்டிருக்க வேண்டிய தேவை நீங்கிற்று. சற்றே கண்ணயரலாம் என்ற நிலை பிறந்தது. கண்ணயர இடம் வேண்டுமன்றோ? பெருங்குடைகளின் மேல் துணியைப் போர்த்திச் செய்துகொண்ட மறைப்புகள் நாளடைவில் தனிவகைக் கூடாரங்களாக வளர்ந்தன. அவற்றையே 'பிவ்வி' என்று அவர்கள் அழைக்கின்றனர். படைவீரர்கள் வெட்டவெளியில் இரவைக் கழிப்பதைக் குறிக்கும் 'பிவுவாக்' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் குறுக்கமே அது.

சாதாரணக் கூடாரத்திற்கும் பிவ்விக்கும் உள்ள வேறுபாடு ஒன்றை மனத்தில் கொள்ளுதல் நலம். கூடாரம் மூடிய அறை போன்றது. பிவ்வி திண்ணை போன்றது. முன்புறம் அகலத் திறந்திருக்கும். படுத்திருப்பவன் தலையைத் தூக்கினால் தூண்டில்கள் கண்ணிற் படவேண்டும். ஒலி கேட்டவுடன் தடுக்கின்றி எழுந்தோட வேண்டும். முதுகுப்புறமும் பக்கங்களும் மட்டும் காற்றையும் மழையையும் தடுக்கும்.

இங்கிலாந்தில் விற்கப்படும் உயர்ந்த பிவ்வியை அப்படியே வரவழைத்தால் நமக்குப் பயன்படுமா? பெரும்பாலும் படாது என்பதே நம் கருத்து. அந்நாட்டில் முதற்பகை குளிர். ஆகவே வெப்பத்தை உள்ளே தேக்குமாறு அவை அமைக்கப்படுகின்றன. நமக்கோ முதற்பகை புழுக்கம். அடுத்து வருவன கொசு, திடீர்மழை, இடி, தரையில் ஊரும் உயிர்கள். பகை வேறானால் கவசமும் வேறாக வேண்டும். அவர்களிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது பொருளன்று. திண்ணை போன்ற அந்த அமைப்பு ஒன்றே.

நம் நீர்நிலைகளும் நம் மீன்களும்

நாம் நாடும் மீன்களைப் பற்றியும் ஒரு சொல். கட்லா, ரோகு, மிருகால் என்னும் மூன்றும் கங்கை முதலிய வடபுலத்து ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட பெருங்கெண்டைகள். பின்னரே அவை தென்னாட்டு ஆறுகளிலும் குளங்களிலும் விடப்பட்டன. சாதாக் கெண்டையின் ஓர் இனம் 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொணரப்பட்டது. 1957 ஜூலை 10-ஆம் நாள் கட்டாக்கில் ஹீராலால் சௌதுரி என்னும் அறிஞர் ஊசிமருந்தின் துணையால் கெண்டைகளை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அதன் பின்னரே வேண்டிய அளவு மீன்குஞ்சுகள் கிடைத்து, நம் ஊர்க் குளங்களெல்லாம் கெண்டை வளரும் இடங்களாயின. இவையும் நம்மைப் போலவே பிற புலத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றியவை என்று எண்ணும்பொழுது ஒருவகை உறவு தோன்றாமற் போகாது.

இம்மீன்களின் பழக்கம் கூடாரம் அமைக்கும் இடத்தையும் ஒருவாறு தீர்மானிக்கிறது. கட்லா நீரின் மேற்பரப்பிலும், ரோகு நடுநீரிலும், மிருகாலும் சாதாக் கெண்டையும் அடித்தரையிலும் இரை தேடும். அடித்தரை மீனை நாடுவோர் கரையோரத்தில் காலடி ஓசையையும் வெளிச்சத்தையும் தவிர்க்க வேண்டும். ஆகவே கூடாரம் நீர்விளிம்பை ஒட்டியிராமல் பத்துப் பதினைந்து அடி பின்னே, மேட்டில் இருத்தல் நலம். மழை பெய்து நீர்மட்டம் உயர்ந்தாலும் அச்சமில்லை.

தார்ப்பாய்: ஏழையின் பிவ்வி

குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவது தார்ப்பாயே என்பதில் ஐயமில்லை. இதனை வாங்க நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தர்மராஜா என்று போற்றப்பெறும் கார்த்திகைத் திருநாள் மகாராஜாவின் காலத்தில் திவானாயிருந்த ராஜா கேசவதாஸ் உருவாக்கிய இச்சாலைக் கடைத்தெரு, கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு, உப்பு முதல் கயிறு வரை எல்லாப் பொருளும் மொத்தமாய்க் கிடைக்கும் இடமாக விளங்குகிறது. இங்கே வேலை செய்யும் நமக்குப் பொருளின் தரம் அறிந்து வாங்கும் வாய்ப்பு, பிறரைவிட மிகுதி.

பழைய கித்தான் உறுதியானது, காற்றோட்டமும் தரும். ஆனால் கனமானது, நனைந்தால் மேலும் கனக்கும், ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடித்து இற்றுப்போகும். இப்பொழுது பெரிதும் விற்பனையாவது பாலித்தீன் இழையை நெய்து இருபுறமும் மெல்லிய படலம் பூசிய தார்ப்பாய். இதன் தரத்தைக் குறிக்க 'ஜி.எஸ்.எம்.' என்ற அளவு வழங்குகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பு எத்தனை கிராம் எடை உள்ளது என்பதே அதன் பொருள். எண் மிகுந்தால் தடிப்பும் உறுதியும் மிகும். சுமையும் விலையும் மிகும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 அடிக்கு 12 அடி தார்ப்பாயின் பரப்பு 108 சதுர அடி. அதாவது சுமார் 10 சதுர மீட்டர். 120 ஜி.எஸ்.எம். எனில் எடை 1.2 கிலோ, 200 எனில் 2 கிலோ. 12 அடிக்கு 15 அடி எனில் பரப்பு சுமார் 16.7 சதுர மீட்டர். எடை முறையே 2 கிலோவும் 3.3 கிலோவும் ஆகும். பேருந்திலோ புகைவண்டியிலோ செல்வோர்க்கு 120 முதல் 150 வரை போதும். இரு சக்கர வண்டியில் கட்டிச் செல்வோரும், ஆண்டு முழுவதும் பயன்படுத்துவோரும் 200 கொள்ளலாம். அதற்கு மேற்பட்டவை சரக்கு மூடுவதற்கு உரியவை, சுமையே மிஞ்சும்.

இக்கணக்கால் இன்னொரு நன்மையும் உண்டு. விற்பவர் சொல்லும் எண் மெய்யா என்பதைத் தராசிலிட்டே அறிந்துகொள்ளலாம். 200 என்று சொல்லப்பட்ட 9-க்கு 12 தார்ப்பாய் ஒன்றரைக் கிலோதான் நிற்குமெனில், அது 150-ஐச் சேர்ந்தது என்பது வெளிப்படை. வாய்ச்சொல் தவறலாம், தராசு தவறாது. சாலையில் தராசுக்கா பஞ்சம்?

எடை பார்த்தபின் நான்கு சோதனைகள் செய்க. முதலாவது, பாயை வெளிச்சத்திற்கு எதிரே விரித்துப் பிடித்து ஊசித்துளைகள் உள்ளனவா என்று நோக்குக. இரண்டாவது, கயிறு கோக்கும் வளையங்களை விரலால் இழுத்துப் பார்க்க. தார்ப்பாய் முதலில் கிழிவது அங்கேதான். வளையங்கள் மூன்றடிக்கு ஒன்றாகவேனும் இருத்தல் வேண்டும். மூலைகளில் இரட்டை மடிப்பு இருத்தல் வேண்டும். மூன்றாவது, விளிம்பின் உள்ளே கயிறு வைத்து மடித்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க. நான்காவது, அளவுநாடா கொண்டு அளந்து பார்க்க. விளிம்பு மடிப்பில் சில அங்குலம் குறைந்திருக்கக்கூடும். வெயிலைத் தாங்கும் மருந்து சேர்த்துச் செய்த பாய் சற்று விலை கூடியதாயினும் அதுவே சிக்கனம். அம்மருந்தில்லாதது சில மாத வெயிலிலேயே சருகுபோல் நொறுங்கும்.

தார்ப்பாயை நிறுத்தும் முறை

9-க்கு 12 பாயில், 9 அடி நீளத்திற்கு ஒரு கயிற்றை முகடாகக் கட்டி, இருபுறமும் ஆறடி ஆறடியாகப் பாயைத் தொங்கவிட்டு விளிம்புகளைத் தரையோடு முளையடித்தால், நான்கடி உயரமும் ஏறத்தாழ ஒன்பதடி அகலமும் உள்ள குடில் அமைகிறது. தந்தையும் ஒரு பிள்ளையும் தங்க இது தாராளம். 12-க்கு 15 பாயில் முகட்டை 12 அடி நீளத்திற்கு வைத்தால் இருபுறமும் ஏழரை அடிச் சரிவு கிடைக்கும். ஐந்தடி உயரத்தில் சுமார் 11 அடி அகலம் வரும். நால்வருக்கு இது போதுமானது. பிவ்வி போலத் திண்ணையாக வேண்டுமெனில், முன்சரிவைத் தரையில் அடிக்காமல் இரண்டு கழிகளால் தூக்கி நிறுத்தினால் போதும். முன்புறம் திறந்த தாழ்வாரம் ஆகிவிடும். பெருமழை வந்தால் கழிகளை எடுத்துவிட்டுத் தாழ்த்திக் கொள்ளலாம். இந்த மாற்றம் ஆயத்தக் கூடாரங்களில் எளிதிற் கிட்டாத வசதி.

கயிற்றிலும் கருத்து வேண்டும். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி முளையைப் பிடுங்கும். நைலான் நனைந்தால் நெகிழ்ந்து பாய் தொய்யும். நீரை உறிஞ்சாத பாலிப்ரொப்பிலீன் கயிறு மலிவானது, இப்பணிக்கு ஏற்றது. முளைக்கு, கடைகளில் கிடைக்கும் ஒல்லியான கம்பி முளைகள் குளத்து மண்ணில் நில்லா. ஓரடிக்குக் குறையாத மூங்கில் அல்லது மரமுளைகளைச் செதுக்கிக் கொண்டு செல்க. கூடாரத்திற்கு எதிர்ப்புறம் சாய்த்து அடித்தால் இழுப்பைத் தாங்கும்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. குளத்தின் கரைமேல் முளையடிக்கவோ, மழைநீர் வடியச் சிறு வாய்க்கால் வெட்டவோ கூடாது. நம் ஒரு நாள் வசதிக்காகத் தோண்டிய குழி, பெருவெள்ளத்தில் கரை கசியத் தொடங்கும் இடமாகலாம். அக்கரையின் கீழே வயல்களும் வீடுகளும் இருக்கின்றன. கரையை விட்டு விலகிய மேட்டுநிலத்தில் கூடாரம் அமைப்பதே நம் முன்னோர்க்கு நாம் செய்யும் மரியாதை.

ஆயத்தக் கூடாரம் வாங்குவோர்க்கு

கழிகளோடு மடித்துப் பையிலிட்டு விற்கப்படும் கவிகைக் கூடாரங்களையும் சிலர் விரும்புகின்றனர். அமைப்பது எளிது, பத்து நிமிடங்களில் வேலை முடியும், தரைவிரிப்பும் கொசுவலையும் சேர்த்தே தைக்கப்பட்டிருக்கும். இவற்றை வாங்குங்கால் நீர்தாங்கும் அளவு என்ற ஓர் எண்ணைக் காணலாம். துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தி அதில் நீர் ஊற்றினால், எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை துணி கசியாமல் தாங்குகிறதோ, அதுவே அவ்வெண். கூரைக்கு 1,500 மில்லிமீட்டர் என்பது குறைந்த அளவு. நம் இடவப்பாதி மழைக்கு 2,000 அல்லது 3,000 இருப்பின் மனநிம்மதி.

தரைக்கு இது போதாது. காரணம் எளிது. 1,500 மில்லிமீட்டர் நீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிராம் அழுத்தம் தருகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் முழங்காலூன்றினால் அவ்வழுத்தம் 600 கிராம். அஃதாவது 6,000 மில்லிமீட்டர் நீருக்குச் சமம். கூரை நனையாதிருக்கும்போதே தரை ஈரமாவதன் மருமம் இதுவே. இதற்காக விலையுயர்ந்த கூடாரம் வாங்க வேண்டியதில்லை. பழைய தார்ப்பாய்த் துண்டொன்றை அடியில் விரித்தால் போதும். அத்துண்டு கூடாரத்தின் விளிம்பைவிட நாலு விரல் உள்ளடங்கி இருக்கவேண்டும். வெளியே நீண்டிருந்தால் மழைநீரை ஏந்தி அடியிலே கொண்டுவந்து சேர்க்கும்.

இனி, தையல்களின் உட்புறம் பட்டை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று நோக்குக. ஒட்டப்படாவிடில் ஊசித்துளை ஒவ்வொன்றும் ஒரு கசிவு. ஒற்றைத் துணிக் கூடாரம் மலிவெனினும், உள்ளே படுப்பவரின் மூச்சிலுள்ள நீராவி கூரையில் படிந்து விடியுமுன் சொட்டத் தொடங்கும். மழை ஒழுகுகிறது என்று பலர் குறைகூறுவது பெரும்பாலும் இதுவே. உள்ளே வலையும் வெளியே தனிப் போர்வையுமாக இரட்டைச் சுவர் உள்ளதே நம் நாட்டிற்கு ஏற்றது. எதிரெதிராக இரண்டு வாயில்களேனும் சாளரங்களேனும் இருத்தல் இன்றியமையாதது. 'நால்வர் கூடாரம்' என்று எழுதியிருப்பின் அதை இருவர்க்கும் அவர்தம் மூட்டைகளுக்கும் உரியதென்று கொள்க. விற்பவர் கணக்கில் மனிதர் பெட்டியில் அடுக்கிய மீன்களைப் போலப் படுப்பர்.

மூன்றாவது வகை குடை. நடைபாதை வணிகர் நாட்டும் பெருங்குடையை நாம் அன்றாடம் காண்கிறோம். குடைத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆலப்புழையும் ராஜா கேசவதாஸ் துறைமுகமாக வளர்த்த ஊரே. தனியொருவர் மாலை முதல் நள்ளிரவு வரை இருக்கக் குடை போதும். ஆனால் காற்றடிக்கும் இடத்தில் அது பாய்மரமாகிவிடும்; இரவு முழுவதும் தங்குவோர் அதனை நம்பலாகாது.

வலையும் தரையும்: சிக்கனம் தகாத இடம்

கூரையிற் சிக்கனம் செய்யலாம், வலையிற் செய்யலாகாது. நீர்நிலையோரத்தில் அந்திக்குப் பின் கொசுக்கூட்டம் எத்தகையது என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. சதுர அங்குலத்திற்கு 156 துளைகள் உள்ள வலை கொசுவைத் தடுப்பதற்கென வகுக்கப்பட்ட அளவு. தார்ப்பாயின் முகட்டுக் கயிற்றிலிருந்தே வலையைத் தொங்கவிட்டு, அதன் விளிம்பைப் படுக்கைவிரிப்பின் அடியில் நாற்புறமும் செருகிவிடுக.

செருகுவது கொசுவிற்காக மட்டுமன்று. கட்டுவிரியன் என்னும் பாம்பு இரவில் உலவுவது. தரையில் படுத்துறங்குவோரின் அருகே வந்துவிடுவது. அதன் கடி பல சமயம் வலியின்றி இருப்பதால் உறங்குபவர் அறியாமலே போகிறார். செருகிய வலை இதற்கும் காப்பாகிறது. மடக்குக் கட்டில் ஒன்று இருப்பின் இன்னும் நன்று. மீன்கழிவையும் சோற்றையும் கூடாரத்தருகே கொட்டாதிருத்தல் வேண்டும். அவை எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும். கடி நேர்ந்ததாக ஐயம் தோன்றினாலும், கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ செய்யாமல், கடியுண்டவரை அசையாதிருக்கச் செய்து, 108-ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

எலிக்காய்ச்சலையும் மறக்கலாகாது. கேரளத்தில் மழைக்காலந்தோறும் இந்நோய் தலைகாட்டுகிறது. காலில் புண்ணோடு தேங்குநீரில் இறங்குவோர்க்கு இது எளிதிற் பற்றும். புண்ணிருந்தால் நீரில் இறங்கவேண்டாம். இறங்கியபின் சில நாட்களில் காய்ச்சல் கண்டால், நீரில் நின்றதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லவேண்டும்.

மழைக்கு அஞ்சி வாயிலை மூடிக்கொண்டு, உள்ளே அடுப்பு மூட்டித் தேநீர் காய்ச்சுவது பெருந்தீங்கு. மூடிய இடத்தில் எரியும் நெருப்பு நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடும். உறங்குபவர் உறக்கத்திலேயே உயிர் துறப்பர். அடுப்பு எப்பொழுதும் கூடாரத்திற்கு வெளியே இருக்கட்டும்.

காற்று, இடி, இடம்

சாலையிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் நாகர்கோவில். 1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. எனினும் இரு பக்கத்து உறவும் போக்குவரவும் அறவில்லை. விடுமுறையில் ஊர் செல்வோர் அங்குள்ள குளங்களிலேயே தூண்டில் போடுவது வழக்கம். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் செல்வோர் காற்றை முதலில் எண்ணுக. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் காற்றின் வலிமைக்கு முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளே சான்று. அங்கே கூடாரம் தாழ்வாகவும், முதுகு மேற்கு நோக்கியும், இழுகயிறுகள் இரட்டிப்பாகவும் இருத்தல் வேண்டும். உயர்ந்த கவிகைக் கூடாரம் அங்கே ஓர் இரவும் நிலையாது.

இடியைக் குறித்துக் கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம், பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை விழிப்போடிருக்குமாறு அறிவுறுத்துகிறது. சித்திரை, வைகாசியிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் மாலை இடி மிகுதி. இக்காலத் தூண்டிற்கோல்கள் பல கரிநார் கொண்டு செய்யப்படுபவை. அவை மின்சாரத்தைக் கடத்தும். இடி முழங்கினால் கோலைக் கீழே வைத்துவிட்டு, நீரை விட்டும் தனிமரத்தை விட்டும் விலகி, கட்டடத்திற்கோ மூடிய வண்டிக்கோ செல்க. எந்தக் கூடாரமும், எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், மின்னலைத் தடுக்காது. வானிலைத் துறை செம்மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் வீட்டிலிருப்பதே அறிவுடைமை.

எவ்விடத்தில் தங்கலாம் என்பதற்கும் வரையறை உண்டு. நெய்யாறு நீர்த்தேக்கம் 1958-இல் அமைந்த வனவிலங்குச் சரணாலயத்தின் பகுதி. பேப்பாறை 1983 முதல் சரணாலயம். வனத்துறையின் ஒப்புதலின்றி அங்கே நுழைதலும் மீன்பிடித்தலும் குற்றம். நெய்யாற்றில் முதலைகளும் உள்ளன. அவற்றால் உயிரிழப்பும் நேர்ந்ததுண்டு. நீர்விளிம்பில் படுத்துறங்க அது இடமேயன்று. சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் பறவைகளின் புகலிடம். அங்கும் இரவில் தங்கலாகாது. கேரளத்தின் நன்னீர் ஏரிகளுள் ஒன்றான வெள்ளாயணி, சாலைக்கு அணித்தே உள்ளது. ஆயினும் அதனை நம்பி வாழும் மீனவர் இருக்கின்றனர். அவர்களைக் கேட்டறிந்து, அவர்தம் வலைக்கு இடையூறின்றி ஒதுங்கி இருத்தல் நம் கடன். தமிழகத்துக் குளங்கள் பல மீன்பாசிக் குத்தகைக்கு விடப்பட்டவை. குத்தகைதாரரின் இசைவின்றிப் பிடிக்கும் மீன் திருட்டு மீனே. முதல் மழையில் முட்டையிட எதிரேறி வரும் மீன்களைப் பிடிக்கும் 'ஊத்த' வேட்டை கேரளத்தில் தண்டனைக்குரியது. பிழைக்க வந்த இடத்தில் சட்டத்தை மதிப்பது நமக்கும் நம் சமூகத்திற்கும் பெருமை.

செலவைப் பார்க்கும் முறை

விலையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. ஓர் இரவுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதே முழுக்கணக்கு. 6,000 ரூபாய்க் கூடாரம் வாங்கி ஆண்டில் ஆறு இரவு தங்கி, மூன்றாண்டில் அது பழுதானால், 18 இரவுக்கு இரவொன்றுக்கு 333 ரூபாய் ஆகிறது. 1,500 ரூபாயில் தார்ப்பாயும் கயிறும் வலையும் வாங்கி அதே மூன்றாண்டு உழைத்தால் இரவொன்றுக்கு 83 ரூபாய். இவ்விலைகள் கணக்கு விளங்கக் கூறியவையே. அவரவர் கேட்டறிந்த விலையை இட்டுப் பார்த்துக்கொள்க. தார்ப்பாய்க்கு மற்றொரு சிறப்பும் உண்டு. தூண்டிலுக்குச் செல்லாத நாளில் அது வீட்டுக்கூரையின் ஒழுகலை மூடும். நெல் காயவைக்க விரிப்பாகும். திருமண வீட்டில் பந்தலாகும். கூடாரமோ பையிலேயே உறங்கும். இருவர் மூவர் சேர்ந்து ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துவதும் நல்ல வழி.

ஆகவே நம் பரிந்துரை இது. முதன்முறை செல்வோர் 9-க்கு 12 தார்ப்பாய், 120 முதல் 150 ஜி.எஸ்.எம்.; நல்ல வலை ஒன்று; அடிவிரிப்பு ஒன்று; ஐம்பதடிக் கயிறு; பத்து மூங்கில் முளைகள்; கைவிளக்கு. இவ்வளவே போதும். ஓராண்டு பழகியபின், விருப்பம் நிலைத்திருந்தால், இரட்டைச் சுவர்க் கூடாரத்தைப் பற்றி எண்ணலாம். சிறுபிள்ளைகளை அழைத்துச் செல்வோர் மட்டும், தரையும் வலையும் ஒன்றாய்த் தைத்த கூடாரத்தை முதலிலேயே வாங்குதல் தகும். பிள்ளைகள் உறக்கத்தில் புரண்டு வலையை விலக்கிவிடுவர்.

எதை வாங்கினும் குளத்திற்குக் கொண்டுபோகுமுன் மொட்டைமாடியிலோ முற்றத்திலோ ஒருமுறை விரித்துக் கட்டிப் பார்க்க வேண்டும். குடம் குடமாய் நீர் ஊற்றிக் கசிவைத் தேடுக. இருட்டில், மழையில் முதன்முதலாக முடிச்சுப் போடக் கற்பது துன்பம். திரும்பி வந்தபின் நன்றாக உலர்த்தியே மடித்து வைக்க வேண்டும். ஈரம் ஒன்றே எல்லாத் துணிக்கும் எமன். செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வைத்துவிட்டுச் செல்லுதல் நலம். கரையில் இருப்பவனுக்கு அது இன்ப இரவு. வீட்டில் இருப்பவளுக்கு அது விழித்திருக்கும் இரவு. அவ்விழிப்பில் ஒரு பாதியையேனும் அந்தத் துண்டுக் காகிதம் குறைக்கும்.

மீன் கிடைப்பதும் கிடைக்காததும் அன்றைய நீரைப் பொறுத்தது. நனையாமல், கடிபடாமல், கடன்படாமல் விடியற்காலையில் பிள்ளையோடு வீடு திரும்புவது நம் முன்யோசனையைப் பொறுத்தது. அன்பர்கள் இவ்வாரமே ஒரு தார்ப்பாயை எடை போட்டுப் பார்த்துத் தொடங்குவார்களாக.